எல்லாப் பரிசோதனையும் நார்மல் என்கிறார்கள். நான் யாரிடம், எந்த மொழியில் சொல்வது?

கேள்வி: தோப்பு வீடு

அனைவருக்கும் வணக்கம். உடுமலைப்பேட்டைக்கு அருகில் பிறந்து, பதினான்கு ஆண்டுகளுக்கு முன் பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் நான். வயது 38. கொழிஞ்சாம்பாறையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, தென்னந்தோப்புக்கு நடுவில் வீடு. வீட்டில் எல்லோரும் தமிழ்தான் பேசுகிறோம். பெண் பிள்ளைகள் இருவரும் தமிழ்வழிப் பள்ளியில் படிக்கிறார்கள். ரேஷன் கடை, பஞ்சாயத்து அலுவலகம், ஆஸ்பத்திரி என்று வீட்டுப் படி இறங்கினால் மலையாளம்.

நான்கு மாதங்களாக இரவு இரண்டு மணிக்கு மேல் எனக்குத் தூக்கம் இல்லை. நெஞ்சு படபடக்கிறது, சில நேரம் அடைப்பதுபோல் இருக்கிறது, உச்சந்தலை காந்துகிறது. களைந்த அரிசியைக் கையில் வைத்துக்கொண்டு, அதை என்ன செய்யவேண்டும் என்று தெரியாமல் அடுப்பருகே நின்றிருக்கிறேன். உலை கொதித்து வற்றிய பிறகு சின்னவள் வந்து தொட்டபோதுதான் நினைவு வந்தது.

கோயம்புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். இசிஜி, சர்க்கரை, தைராய்டு எல்லாம் பார்த்துவிட்டு, எதுவும் இல்லை, டென்ஷன் ஆகாமல் இருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். திரும்பி வரும்போது வாளையாறு வரையில் என் கணவர் பேசவில்லை. சோதனைச் சாவடி தாண்டியதும், "ஒன்றுமில்லை என்று தெரிந்துகொள்ள ஐயாயிரம் ரூபாய்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. குடிக்கமாட்டார், கை ஓங்கமாட்டார். "உனக்கு என்ன குறை?" என்று அவர் கேட்கும்போது உண்மையிலேயே எனக்குப் பதில் தெரிவதில்லை.

மாமியாருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. அதுவரை ஒரு தனியார் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்த மாதமே நின்றுவிட்டேன். நிற்கிறாயா என்று யாரும் கேட்கவில்லை, நானும் நிற்கிறேன் என்று சொன்னதாக நினைவில்லை. நாத்தனார் மாதம் ஒருமுறை வந்து, அத்தையின் முதுகுத் துணியை விலக்கி, புண் இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்ப்பார். புண் இல்லாவிட்டால் ஒன்றும் சொல்லமாட்டார். இந்த இரண்டு ஆண்டில் ஒருமுறைகூடப் புண் வந்ததில்லை.

இப்போது என் விஷயம் தெரிந்தபின், "யாரோ என்னவோ செய்திருக்கிறார்கள், சோற்றாணிக்கரைக்குக் கூட்டிப் போகலாம்" என்கிறார் நாத்தனார். பேய் பிடித்தவர்கள், மனம் பேதலித்தவர்கள் என்று சொல்லி அழைத்துப் போகும் பகவதி கோயில் அது. மனநல மருத்துவரிடம் போனால் என்ன என்று நான் ஒருமுறை சொன்னபோது, "ஊளம்பாறைக்கா?" என்று திருவனந்தபுரத்து மனநல மருத்துவமனையைச் சொல்லிச் சிரித்தார்கள். பெரியவளுக்குப் பன்னிரண்டு வயது. நாளைக்குப் பெண் கேட்டு வருகிறவர்கள் தாய்க்கு மூளைக்கோளாறு என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

இன்னொன்றையும் சொல்லவேண்டும். கல்யாணமான புதிதில் எனக்கு முதல் கரு கலைந்தபோது, இங்குள்ள ஒரு மருத்துவர் பரிவாக, "விஷமம் உண்டோ?" என்று கேட்டார். நான் என்ன விஷமம் செய்தேன், என்னால்தான் கலைந்தது என்கிறாரா என்று நடுங்கிப்போய், இல்லை, இல்லை என்று தலையாட்டினேன். மலையாளத்தில் அந்தச் சொல்லுக்கு மனவருத்தம் என்று பொருள் என்பது இரண்டு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. இன்று உரக்கடையில் விலை பேசுவேன், பஞ்சாயத்தில் வீட்டு வரிக்குச் சண்டையும் போடுவேன், எல்லாம் மலையாளத்தில். ஆனால் இந்தப் பேச்சு மட்டும் எனக்கு அந்த மொழியில் வராது.

எனக்கு வந்திருப்பது நோயா, சோம்பலா? மாத்திரை தொடங்கினால் காலம் முழுவதும் சாப்பிடவேண்டுமா? இந்தப் பக்கத்தில் யாரிடம் போவது?

பதில் 1: ஓய்வுபெற்ற செவிலி

தங்கைக்கு, நான் கேரள அரசுப் பணியில் பெரும்பாலும் இந்த எல்லைப் பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இருந்து ஓய்வுபெற்றவள். தாய்மொழி தமிழ். உங்கள் 'விஷமம்' கதையைப் படித்து முதலில் சிரித்தேன், பிறகு சிரிக்க முடியவில்லை. என் பணிக்காலத்தில் எத்தனை பெண்கள் அந்தக் கேள்விக்கு இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். 'சங்கடம்' என்ற சொல்லும் அப்படித்தான்: அவர்களுக்கு அது துயரம், நமக்கு ஏதோ சிறிய அசௌகரியம். தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழிலேயே மனு எழுதலாம் என்று கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் சொல்கிறது. மருத்துவர் எதிரில் உட்கார்ந்து அழுவதற்கு அந்தச் சட்டத்தில் ஒரு பிரிவும் இல்லை.

நார்மல் என்று அவர்கள் சொன்னதற்கு, உங்கள் இதயமும் தைராய்டும் சர்க்கரையும் இதற்குக் காரணம் இல்லை என்பது மட்டுமே பொருள். என்னிடம் வந்த பெண்களில் 'மனசு சரியில்லை' என்று தொடங்கியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். உடம்பெல்லாம் குத்தல், கை கால் குடைச்சல், தலை காந்தல், நெஞ்சுப் படபடப்பு, பசியில்லை என்றுதான் வருவார்கள், ஏனென்றால் உடம்பு வலிக்கு வீட்டில் விடுப்பு உண்டு, மனவலிக்கு இல்லை. மனச்சோர்வும் பதற்றமும் உடல் வழியாக வெளிப்படுவது மருத்துவத்தில் தெரிந்த செய்திதான். அதிகாலையில் விழிப்பு வந்து பிறகு உறக்கம் பிடிக்காமல் போவதும், கையிலிருக்கும் வேலை மறந்து நிற்பதும் அதன் அடையாளங்களில் சேரும். அது சோம்பல் ஆகாது.

முதலில் ஒரு சிறிய வேலை. கோயம்புத்தூரில் ஹீமோகுளோபின் பார்த்தார்களா என்று அந்தத் தாள்களில் தேடுங்கள். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. அதுவும் படபடப்பைத் தரும், சோர்வைத் தரும். பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்து, உங்கள் பஞ்சாயத்தின் குடும்பாரோக்கிய கேந்திரம், அதாவது அரசுக் குடும்ப சுகாதார நிலையம். 2017-இல் கேரள அரசு தொடங்கிய ஆர்த்ரம் என்ற சுகாதாரத் திட்டத்தின் கீழ் இவற்றில் 'ஆஸ்வாசம்' என்ற பெயரில் மனச்சோர்வைக் கண்டறியும் ஏற்பாடு வந்தது. பெரிய சடங்கு ஒன்றும் கிடையாது. கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் உறக்கம் கெட்டது, எத்தனை நாள் எதிலும் ஈடுபாடு இல்லாமல் போனது என்பது போன்ற ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தைப் பயன்படுத்துவார்கள். ஒவ்வொன்றுக்கும் சுழியம் முதல் மூன்று வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் கவனிக்கவேண்டியது என்று வைத்துக்கொள்வார்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவக் குழு குறிப்பிட்ட நாள்களில் ஊர்ப்புறச் சுகாதார நிலையங்களுக்கு வரும். அந்த நாள் எது என்று ஆஷா பணியாளரிடம் கேட்கலாம். அவர் பக்கத்து வீட்டுக்காரராக இருந்து, அவருக்குத் தெரிவதை நீங்கள் விரும்பாவிட்டால், நிலையத்துக்குப் போன் செய்து நேராகக் கேளுங்கள். இதை ஆஷாக்களைக் குறைத்துச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சின்ன ஊரில் இருக்கிறோம், அவ்வளவுதான்.

மொழிக்கு ஒரு வழி. போகும் முன் எல்லாவற்றையும் தமிழில் ஒரு தாளில் எழுதுங்கள். எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது, எப்போது நெஞ்சு படபடக்கிறது, கடைசியாக எப்போது வயிறாரச் சாப்பிட்டீர்கள் என்று தேதியோடு எழுதுங்கள். இந்தப் பகுதி நிலையங்களில் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவராவது இருப்பார். இல்லையென்றால் 14416 என்ற எண்ணை அழையுங்கள். 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கிய டெலிமனஸ் என்ற இலவச மனநலத் தொலைபேசிச் சேவை அது. எந்த நேரமும் இயங்கும், தமிழைத் தேர்ந்தெடுக்கலாம்.

ஒரு கேள்வி மட்டும் இங்கேயே கேட்டுவிடுகிறேன், அந்தப் படிவத்தின் ஒன்பதாவது கேள்வியும் அதுதான்: இருப்பதைவிட இல்லாமல் போவதே மேல் என்ற எண்ணம் வருகிறதா? வந்தால் மருத்துவக் குழு வரும் நாளுக்காகக் காத்திருக்கவேண்டாம். அன்றே 14416, அன்றே ஆஸ்பத்திரி. கூட ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் மாமியார் விஷயம். நீங்கள் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, அதனால்தான் சொல்கிறேன். இந்தியாவில் முதன்முதலாக வலிநிவாரண, ஆதரவுச் சிகிச்சைக்கென ஒரு கொள்கை வகுத்த மாநிலம் கேரளம், 2008-இல். நம் பஞ்சாயத்துகளில் பாலியேட்டிவ் நர்ஸ் என்று ஒருவர் உண்டு. படுக்கையில் இருப்பவர்களை வீடு தேடி வந்து பார்ப்பது அவருடைய வேலை. உங்கள் வீட்டுக்கு வருகிறாரா? இல்லையென்றால் பதிவு செய்யுங்கள். படுத்த படுக்கையாக இருப்பவரை முழுநேரமும் கவனிப்பவருக்கு ஆஸ்வாசகிரணம் என்ற திட்டத்தில் மாதம் 600 ரூபாய் உதவியும் இருக்கிறது, வருமான வரம்புக்கு உட்பட்டு. நாளுக்கு இருபது ரூபாய் என்று கணக்கு டீச்சர் உடனே போட்டுவிடுவீர்கள். ஆனாலும் நீங்கள் செய்வதை வேலை என்று ஒரு அரசுத் தாளாவது ஒத்துக்கொள்கிறது.

பதில் 2: வேலந்தாவளத்தான்

சகோதரிக்கு வணக்கம். நான் உங்கள் கணவரின் இடத்தில் இருந்தவன். 'உனக்கு என்ன குறை' என்ற அதே வாக்கியத்தை, அதே நல்ல மனதோடு, பலமுறை சொன்னவன் என்பதால் எழுதுகிறேன்.

என் தந்தை மூன்று ஆண்டுகள் படுக்கையில் இருந்தார். மனைவிதான் பார்த்தார். ஒருமுறை மைத்துனனின் திருமணத்துக்காக அவர் ஒன்பது நாள் தாய்வீடு போனார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அப்பாவைப் புரட்டிப் படுக்க வைக்கவேண்டும், இல்லாவிட்டால் புண் வந்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார். பகலில் மட்டும்தான் என்று நான் நினைத்திருந்தேன். இரவும் உண்டு என்பது முதல் நாள் பத்து மணிக்குப் போன் செய்து கேட்டபோதுதான் தெரிந்தது. போனில் அலாரம் வைத்தேன்: பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு. மூன்றாம் இரவு, நான்கு மணிக்கு, பேச்சு வராத என் அப்பாவைப் பார்த்துக் கத்தினேன். அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. என் மனைவி மூன்று ஆண்டில் ஒருமுறைகூட அப்படிக் கத்தியதில்லை. அந்தக் கத்தல் எங்கே போயிருக்கும் என்று அன்று விடியும்வரை யோசித்தேன். அவருக்கும் உங்களுக்கு இருப்பதுபோலவே தலை காந்தல் இருந்தது. எண்ணெய் தேய்த்துக்கொள் என்று நான் சொல்லியிருக்கிறேன்.

2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடமும், ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவதாக வந்தது. என் விஷயத்தில் அந்த 97 கொஞ்சம் தாராளமான கணக்கு. மேலும், இடையிடையே உடைந்த தூக்கத்தை எந்தக் கணக்கெடுப்பிலும் எந்தக் கட்டத்தில் எழுதுவார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

நாங்கள் செய்தது இதுதான். இரவு பத்தும் பன்னிரண்டும் என் முறை ஆயின. மாதத்தில் பத்து நாள் ஹோம் நர்ஸ் வைத்து, அதற்கான பணத்தை என் அக்காவும் நானும் பாதிப் பாதியாகக் கொடுத்தோம். அக்காவிடம் கேட்கப் போன அன்று பெரிய சண்டை. பரவாயில்லை. என் மனைவி மருத்துவரையும் பார்த்தார், மாத்திரையும் சாப்பிட்டார். எது குணமாக்கியது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

பதில் 3: மீனாட்சிபுரம்

நாத்தனாரை அடுத்தமுறை ஓர் இரவு தங்கிப் போகச் சொல்லுங்கள். முதுகைப் பார்ப்பதற்கு விடிகாலை நான்கு மணிதான் நல்ல நேரம்.

பதில் 4: கொல்லங்கோட்டு அத்தை

எல்லோரும் மருத்துவம், திட்டம், எண் என்று எழுதுகிறீர்கள். நான் 67 வயதுக்காரி, கொஞ்சம் மாற்றித்தான் சொல்வேன். எதற்கெடுத்தாலும் அதற்கொரு நோய்ப்பெயர் வைத்து மாத்திரை கொடுக்கும் காலம் இது. எங்கள் தலைமுறையில் மாமியாரையும் பார்த்தோம், மாட்டையும் பார்த்தோம், ஏழு எட்டுப் பிள்ளைகளையும் பெற்றோம். யாருக்கும் உச்சந்தலை காந்தவில்லையா? காந்தியது. அதைப் பொறுத்துக்கொள்ளவும் எங்களுக்கு வழி இருந்தது. சோற்றாணிக்கரை என்று சொன்னவுடனே ஏளனமாகப் பார்க்கவேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

என் அம்மாவுக்கு அறுபதுகளில் இப்படி வந்தது. சமையல்கட்டில் மயங்கி விழுவாள், நடு இரவில் எழுந்து கிணற்றடியில் போய் உட்காருவாள். பிறகு ஒருநாள் சாமி ஏறியது. என் பாட்டியின் பெயரைச் சொல்லி, ஏக வசனத்தில், அவள் பதினாறு வருடம் செய்த ஒவ்வொன்றையும் வரிசையாகச் சொன்னாள். தன் நகையில் எது எந்த வருடம் எந்தக் கடனுக்குப் போனது என்பதுகூட வந்தது. பாட்டி கைகட்டி நின்று கேட்டாள். அப்பா கற்பூரம் காட்டினார். அதற்கு முன்னும் பின்னும் என் அம்மா அந்த வீட்டில் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை.

சோற்றாணிக்கரைக்குக் கூட்டிப் போய், கோயிலிலேயே தங்கி வழிபடும் பஜனம் இருக்க வைத்தார்கள். நானும் கூடப் போனேன், சின்னப் பெண். விடிகாலையில் குளித்துவிட்டு நடை திறக்கக் காத்து நிற்பது, பகலில் திண்ணையில் படுத்துத் தூங்குவது, இரவில் கீழ்க்காவு என்ற கீழ்க்கோயிலில் குருதி பூஜை. சமையல் இல்லை, மாடு இல்லை, பாட்டி இல்லை. யாரோ வடித்த சோற்றை உட்கார்ந்த இடத்தில் சாப்பிட்டாள். ஊருக்குத் திரும்பும்போது அம்மாவின் கன்னம் கொஞ்சம் உப்பியிருந்தது, அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பகவதிதான் குணமாக்கினாள் என்று இன்றும் நம்புகிறேன். பகவதி என்னென்ன வழியில் குணமாக்குவாள் என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

கண்ணு, நீ எங்கே போனாலும் தனியாகப் போகாதே. மாத்திரை என்றால் யோசித்துச் சாப்பிடு.

பதில் 5: மனநலச் சமூகப் பணியாளர், கோயம்புத்தூர்

கொல்லங்கோட்டு அம்மா எழுதியதை இருமுறை படித்தேன். அவர் எங்களை எதிர்த்து எழுதியதாக நினைக்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பேசுவதற்கு அனுமதியும் வேலையிலிருந்து விடுதலையும் நல்ல உறக்கமும் பிறர் சமைத்த சோறும் ஒரு பெண்ணுக்குக் கிடைக்க, தெய்வமே இறங்கி வரவேண்டியிருந்த காலத்தை அவர் நேரில் பார்த்திருக்கிறார். அம்மா, எங்கள் பணியில் நாங்கள் கேட்டு வாங்கிக்கொடுக்கப் பாடுபடுவதும் ஏறக்குறைய இவற்றைத்தான்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. கோயிலுக்குப் போவதால் கேடில்லை. சிகிச்சையை நிறுத்தச் சொல்கிற இடம், கட்டி வைக்கிற இடம், அடிக்கிற இடம் என்றால் போகக்கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். அதை மறக்கவே கூடாது.

தோப்பு வீட்டுச் சகோதரியின் அச்சங்களுக்கு வருகிறேன். 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கும் 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், உங்கள் சிகிச்சை விவரத்தை இரகசியமாக வைத்துக்கொள்ளும் உரிமையை உங்களுக்குக் கொடுத்திருக்கிறது. சில விதிவிலக்குகள் தவிர, மருத்துவரோ செவிலியோ அதை வெளியே சொல்லக்கூடாது. உங்கள் நாத்தனாரின் வாயை அந்தச் சட்டம் கட்டாது, உண்மைதான். மனச்சோர்வு ஆண்களைவிடப் பெண்களுக்குச் சுமார் ஒன்றரை மடங்கு அதிகமாக வருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இதை வைத்துப் பெண் எடுக்க மறுக்கிறவர்களின் வீட்டிலும் ஒருவருக்கு இருந்திருக்கும், வேறு பெயரில்.

மாத்திரையைப் பற்றி. மனச்சோர்வுக்கு இன்று பெரும்பாலும் முதலில் தரும் மருந்துகள் போதைப் பழக்கம் உண்டாக்குபவை அல்ல. அவை வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம். முதல் வாரத்தில் குமட்டலோ தலைவலியோ வந்து, 'மருந்து ஒத்துக்கொள்ளவில்லை' என்று நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம். அப்போது நிறுத்தாமல் மருத்துவரைக் கேளுங்கள். குணமான பிறகும் ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள். பிறகு அளவைக் குறைத்துக் குறைத்துத்தான் நிறுத்தவேண்டும், ஒரே நாளில் கூடாது. காலம் முழுவதும் சாப்பிடுகிறவர்கள் உண்டு, எல்லோருக்கும் அந்தத் தேவை வருவதில்லை. நீங்கள் உண்மையில் பயப்படவேண்டியது வேறொன்றுக்கு: மருந்துக்கடையில் சீட்டில்லாமல் 'தூக்க மாத்திரை' என்று கேட்டு வாங்கும் அல்பிரசோலம் வகை. பக்கத்து வீட்டில் ஓர் அட்டை இருக்கும், ஒன்று போட்டுப் பார் என்பார்கள். அன்றைக்குத் தூக்கம் வரும். மாதக்கணக்கில் போட்டால் விடாது. அது பழக்கமாகிறது என்ற பேச்சுத்தான் எல்லா மனநல மருந்துகளுக்கும் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்திருக்கிறது.

வேலந்தாவளத்து நண்பர், எது குணமாக்கியது என்று பிரிக்க முடியவில்லை என்றார். அதைப் பிரிக்கவேண்டாம் என்பதே என் அனுபவம். இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்திருக்கவேண்டிய பெண்ணுக்கு, அந்த ஏற்பாட்டை அப்படியே விட்டுவிட்டு, உறக்கத்துக்கு மருந்து மட்டும் எழுதிக் கொடுத்தால், அவளை இன்னும் கொஞ்சநாள் உழைக்க வைப்பதற்கான மருந்தாக அது போய்விடும். அதே போல், கணவர் இன்றே பாதி வேலையை எடுத்துக்கொண்டாலும், நான்கு மாதமாக வேரூன்றிய மனச்சோர்வு அதனாலேயே தானாக விலகிவிடும் என்று காத்திருப்பதும் ஆபத்து. பல குடும்பங்களில் ஏதாவது ஒன்றோடு நின்றுவிடுகிறார்கள். மாத்திரையோடு நின்றுவிடுகிறவர்களே மிகுதி, ஏனென்றால் அதில் வீட்டில் வேறு யாரும் எதையும் மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

தமிழில்தான் பேசவேண்டும் என்றால் கோயம்புத்தூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஆனாலும் அருகில் இருக்கும் நிலையத்தில் தொடங்குங்கள் என்று செவிலி அம்மா சொன்னதையே நானும் சொல்வேன், மாதாமாதம் போய்வருவது முக்கியம் என்பதால். முடிந்தால் முதல் முறை கணவரும் உள்ளே வந்து உட்காரட்டும். பத்து நிமிடம் போதும்.

மீண்டும்: தோப்பு வீடு

எல்லோருக்கும் நன்றி. உடனே பதில் எழுத முடியவில்லை. ஐந்து வாரம் ஆகிவிட்டது.

செவிலி அக்கா சொன்னபடி, பெரியவளின் பழைய கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதினேன். ஒரு பக்கம் வரும் என்று நினைத்தேன், ஆறு பக்கம் வந்தது. மனநலக் குழு வரும் நாள் விசாரித்துப் போனோம். மருத்துவர் மலையாளி, என் வயதுதான் இருக்கும். அங்கிருந்த செவிலி தமிழ் தெரிந்தவர். நோட்டை வாங்கி வாய்விட்டு மலையாளத்தில் சொல்லிக்கொண்டே வந்தவர், 'காந்தல்' என்ற இடத்தில் நின்றுவிட்டார். அவருக்குச் சொல் கிடைக்கவில்லை. தன் உள்ளங்கையை உச்சந்தலையில் வைத்து, அடுப்புப் பக்கத்தில் கையைக் கொண்டு போனால் உடனே எடுப்போமே, அப்படி எடுத்துக் காட்டினார். மருத்துவர் தலையசைத்து எழுதிக்கொண்டார். ஒன்பது கேள்விகளில் எனக்கு 16. ஒன்பதாவது கேள்விக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத விரும்பவில்லை. அவரிடம் உண்மையைச் சொன்னேன். ஹீமோகுளோபின் 8.9 இருந்தது, அதற்கும் மாத்திரை தந்தார்கள்.

கணவர் உள்ளே வந்தார். பேசவில்லை. ஆறு பக்கத்தையும் செவிலி படித்து முடிக்கும்வரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாலியேட்டிவ் நர்ஸ் போன புதன்கிழமை வீட்டுக்கு வந்தார். அத்தையின் முதுகைப் பார்த்துவிட்டு, இரண்டு வருடத்தில் புண்ணே இல்லையா, யார் பார்க்கிறீர்கள் என்று கேட்டார். என்னை அப்படி யாரும் கேட்டதில்லை, எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பிறகு என் கணவரைக் கூப்பிட்டு, விரிப்பை இழுத்துப் புரட்டுவது எப்படி, முழங்காலுக்கு இடையில் தலையணை வைப்பது எப்படி என்று காட்டிக்கொடுத்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று அவர் சொன்னதும், என் கணவர், "ராத்திரியிலுமா?" என்று கேட்டார். வேலந்தாவளத்து அண்ணா, உங்களை நினைத்துக்கொண்டேன்.

நாத்தனாரிடம் இன்னும் சொல்லவில்லை. சோற்றாணிக்கரைக்குத் தை மாதம் போகலாம் என்று நானே சொல்லியிருக்கிறேன், மாத்திரையையும் எடுத்துக்கொண்டு. அங்கே மூன்று நாளாவது தங்கவேண்டும் என்று இருக்கிறேன்.

மாத்திரை தொடங்கிப் பதினெட்டு நாள் ஆகிறது. முதல் வாரம் குமட்டல் இருந்தது, இப்போது இல்லை. பெரிதாக ஒன்றும் தெரியவில்லை, தலை காந்தல் மட்டும் சற்றுக் குறைந்திருப்பதுபோல் இருக்கிறது. இரவு இரண்டு மணி முறை இப்போது அவருடையது. அந்த நேரத்துக்கு எனக்கு இன்னும் விழிப்பு வந்துவிடுகிறது. அடுத்த அறையில் அவர் தட்டுத்தடுமாறி விளக்குப் போடுவதும், "அம்மா, இப்படி கொஞ்சம்" என்று சொல்வதும் கேட்கிறது. தலையணையை மறந்துவிட்டார் என்று தெரிகிறது. நான் எழுந்திருக்காமல் படுத்திருக்கிறேன்.